நம் வயல் விடும் வாயுவை அளப்பது எப்படி: பெகு நெல்வயலில் இருந்து மேம்யோ பசுமைக்குடில் வரை

பர்மாவில் பெகு பக்கம் எங்கள் வயலில் ஒரே மண்ணில் இரண்டு விதமான வருடங்கள் நடக்கும். சில வருடம் மழை நெல்லை அறுத்துவிட்டு உளுந்து தெளிப்போம். மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரத்திலேயே அது விளைந்துவிடும். வாய்க்கால் தண்ணீர் கிடைக்கிற வருடம் உளுந்தை விட்டுவிட்டுக் கோடை நெல் போடுவோம். 1990களின் தொடக்கத்தில் அரசு கோடை நெல்லைப் பெரிதாக ஊக்குவித்ததில் இருந்து இப்படித்தான். கையில் நிற்கும் பணக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். காற்றுக்குப் போகும் வாயுவின் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்தபோது நான் அசந்துவிட்டேன்: கோடை நெல் ஒரு ஏக்கரில் விடும் வாயு, மழை நெல் விடுவதைப் போல மூன்று மடங்கு. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு நோட்டும் ஒரு கால்குலேட்டரும் போதுமாக இருந்தன. அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

பிளாஸ்டிக் போர்த்திய குடிலுக்கும் பசுமைக்குடில் என்றுதான் பெயர். பூமியைச் சூடாக்கும் வாயுக்களையும் பசுமைக்குடில் வாயுக்கள் என்கிறோம். இரண்டும் வேறு. விவசாயத்தில் நாம் கவனிக்க வேண்டிய வாயு மூன்று: தண்ணீர் நிற்கும் வயலில் இருந்தும் மாட்டின் வயிற்றில் இருந்தும் வரும் மீத்தேன், உரத்தில் இருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு, டீசலிலும் யூரியாவிலும் இருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு.

மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு மாற்றுக் கணக்கு இருக்கிறது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் (வயல், மாடு இவற்றில் இருந்து வருவதற்கு இந்த எண்). ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்குச் சமம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் நிபுணர் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை தரும் எண்கள் இவை. பழைய கணக்குகளில் 28, 265 என்று இருக்கும். எதை எடுத்தாலும் சரி, இந்த வருடம் ஒன்று அடுத்த வருடம் ஒன்று என்று மாற்றாதீர்கள். மீத்தேன் காற்றில் சுமார் 12 வருடம்தான் இருக்கும். அதனால் இருபது வருடக் கணக்கில் பார்த்தால் அதன் எண் 80 அளவுக்கு ஏறிவிடும். இன்று மீத்தேனைக் குறைத்தால் பலனை நம் பிள்ளைகள் காலத்திலேயே பார்க்கலாம் என்று இதற்குப் பொருள்.

எல்லை போடுங்கள்

வரப்புக்குள் நடப்பது, வரப்புக்கு வெளியே நடப்பது என்று இரண்டாகப் பிரியுங்கள். வயல், மாடு, பம்பு, டிராக்டர், வைக்கோல் எல்லாம் உள்ளே. யூரியா செய்த ஆலை, பிளாஸ்டிக் செய்த ஆலை, அரிசி ஆலைக்குப் போகும் லாரி எல்லாம் வெளியே. முதல் வருடம் உள்ளே இருப்பதை மட்டும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பிடிக்கப் பார்த்து, பாதியில் நோட்டை மூடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அளவை. இங்கே எல்லாம் ஏக்கர், கூடை, வீசை. உலகக் கணக்கு ஹெக்டேர், கிலோ. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு கூடை நெல் 46 பவுண்டு, அதாவது 20.9 கிலோ. பர்மா வீசை 1.63 கிலோ. இது நம் பாட்டன்மார் ஊரில் புழங்கிய வீசையைவிடக் கொஞ்சம் கனமானது, இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

நோட்டில் எழுத வேண்டியவை

கணக்கு தப்புவது பெரும்பாலும் பெருக்கலில் இல்லை, ஞாபகத்தில்தான். முதல் வருடம் நான் அறுவடை முடிந்த பிறகுதான் அப்பாவிடம் போய், வயல் எத்தனை முறை காய்ந்தது என்று கேட்டேன். நட்ட நாளை அப்பா திதியோடு சொன்னார். தண்ணீர் வற்றிய நாட்கள் அவருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. கணக்கிலேயே பெரிய எண் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடக் கணக்கை விட்டுவிட வேண்டியதாகிவிட்டது.

அதனால் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். நட்ட தேதி, அறுத்த தேதி. வயலில் தண்ணீர் நின்ற நாட்கள், மண் தெரிய வற்றிய நாட்கள். முந்தைய பயிரின் தாளையும் வைக்கோலையும் எப்போது மடக்கி உழுதீர்கள், ஏக்கருக்குச் சுமார் எவ்வளவு. உரம் எத்தனை மூட்டை, என்ன உரம், எந்தத் தேதி. பம்புக்கும் உழவுக்கும் எத்தனை லிட்டர் டீசல். கடைசியில் எத்தனை கூடை கண்டது. இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

மீத்தேன்: நீரில் இருக்கிறது கணக்கு

தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் தாளைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே, குழாயில் ஏறுவதுபோல மேலே வந்துவிடும். மண் ஒருமுறை காய்ந்து காற்று உள்ளே போனால் இந்த வேலை தடைபடும். ஆக மீத்தேனைத் தீர்மானிப்பவை இரண்டு: தண்ணீர் எத்தனை நாள் நின்றது, நுண்ணுயிருக்குத் தின்ன எவ்வளவு தாள் கிடைத்தது.

வாயுக் கணக்குப் போட ஐ.பி.சி.சி. வெளியிட்ட 2006 வழிகாட்டியின் 2019 திருத்தத்தின்படி, தென்கிழக்கு ஆசியாவில் எப்போதும் நீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல்வயல், வெளியில் இருந்து தாளோ எருவோ போடாத நிலையில், ஒரு நாளைக்கு 1.22 கிலோ மீத்தேன் விடும். இதை மூன்று எண்களால் பெருக்க வேண்டும்.

முதல் எண், பயிர்க்காலத்து நீர். நீர் எப்போதும் நின்றால் 1. நடுவில் ஒரே ஒரு முறை காயவிட்டால் 0.71. பலமுறை காயவிட்டால் 0.55. முழுக்க மழையை நம்பிய வயல் என்றால் 0.54. மழை பொய்த்து அடிக்கடி வறண்ட வயல் என்றால் 0.16.

இரண்டாவது எண், நடவுக்கு முந்தைய நிலை. 180 நாளுக்கு மேல் வயல் நீரில்லாமல் கிடந்திருந்தால் 0.89. அதற்குக் குறைவாக என்றால் 1. நடவுக்கு முன்பே முப்பது நாளுக்கு மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் 2.41. ஐராவதிப் பக்கத்துத் தாழ்ந்த வயல்காரர்கள் இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். மழை தொடங்கிய நாள் முதல் தேங்கி நிற்கும் வயல் நடவுக்கு முன்பே வாயு விடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது எண், தாளும் எருவும். ஹெக்டேருக்கு எத்தனை டன் போட்டீர்களோ அதை அதற்கான எண்ணால் பெருக்குங்கள். நடவுக்கு முப்பது நாளுக்குள் மடக்கி உழுத வைக்கோலுக்கு 1, முப்பது நாளுக்கு முன்பே உழுததற்கு 0.19, தொழு உரத்துக்கு 0.21, மட்கிய உரத்துக்கு 0.17, பசுந்தாள் உரத்துக்கு 0.45. வைக்கோலைக் காய்ந்த எடையில் கணக்கிடுங்கள், மற்றவற்றை ஈர எடையில். வந்த விடையோடு 1 கூட்டி, 0.59 அடுக்குக்கு உயர்த்துங்கள். போன் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் அடுக்குக் குறி பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போது உளுந்துக்குப் பின் வரும் மழை நெல்லைப் போட்டுப் பார்ப்போம். மழையை நம்பிய வயல், 0.54. நவம்பரில் அறுத்து, உளுந்தும் எடுத்து, ஜூன் வரை நீர் நிற்கவில்லை, 0.89. ஹெக்டேருக்கு 2 டன் தாள் முன்கூட்டியே மண்ணில் சேர்ந்தது. 2-ஐ 0.19-ஆல் பெருக்கினால் 0.38, ஒன்று கூட்டினால் 1.38, அடுக்கு ஏற்றினால் 1.21. எல்லாவற்றையும் 1.22-உடன் பெருக்கினால் ஒரு நாளைக்கு 0.71 கிலோ. 120 நாளுக்கு 85 கிலோ மீத்தேன். அதை 27-ஆல் பெருக்கி 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்குச் சுமார் 930 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

கோடை நெல். வாய்க்கால் தண்ணீர் எப்போதும் நிற்கிறது, 1. முந்தைய பயிர் முடிந்து அதிக நாள் ஆகவில்லை, 1. மழை நெல்லின் வைக்கோலை அவசரமாக மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டோம், ஹெக்டேருக்கு 3 டன். ஒன்று கூட்டி அடுக்கு ஏற்றினால் 2.27. ஒரு நாளைக்கு 2.76 கிலோ, 100 நாளுக்கு 276 கிலோ. ஏக்கருக்குச் சுமார் 3,020 கிலோவுக்குச் சமம்.

அந்த 2.27-ஐ இன்னொரு முறை பாருங்கள். நடவுக்குச் சற்று முன் மடக்கி உழுத வைக்கோல் ஒன்றே வாயுவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. மண்ணுக்கு நல்லது என்று நம்பித்தான் உழுதோம், அது பொய்யும் இல்லை. ஆனால் உழுதவுடன் தண்ணீர் கட்டியதுதான் தவறு.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்கிற சொல் இது. இதையே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு குழாயை வைத்துத் துல்லியமாக்கியிருக்கிறது. ஓர் அடி நீளமுள்ள, பக்கமெல்லாம் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயை, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதிக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். உள்ளே தெரியும் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் பாய்ச்சி 5 சென்டிமீட்டர் நிறுத்துங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் தண்ணீரைக் குறைக்காதீர்கள், இல்லையென்றால் விளைச்சல் அடிவாங்கும்.

அளப்பவருக்கு இந்தக் குழாய் வேறொரு உதவியும் செய்கிறது. எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்று எழுதி வைத்தால், பலமுறை காய்ந்தது என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. கோடை நெல்லில் இதைச் செய்தால் 1-க்குப் பதில் 0.55. ஏக்கருக்கு 3,020 கிலோ 1,660 ஆகும். கூடவே வைக்கோலை வெளியே எடுத்து, தாள் மட்டும் ஹெக்டேருக்கு 1 டன் உழுதால் சுமார் 1,100.

உரம்

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். எப்போதும் நீர் நிற்கும் நெல்வயலில் 0.3 சதவீதம், காயவிட்டுப் பாய்ச்சும் வயலில் 0.5 சதவீதம். ஈரமான தட்பவெப்பத்தில் மேட்டுப் பயிருக்கு ரசாயன உரம் போட்டால் 1.6 சதவீதம். தழைச்சத்தின் கிலோவை இந்தப் பங்கால் பெருக்கி, 44-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் வாயுவின் எடை வரும். பிறகு 273.

ஏக்கருக்கு இரண்டு மூட்டை என்றால் 46 கிலோ தழைச்சத்து. எப்போதும் நீர் நின்றால் 59 கிலோவுக்குச் சமம், காயவிட்டால் 99. காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் அளவைப் பாருங்கள்: கூடுவது 40 கிலோ, குறையும் மீத்தேன் 1,360 கிலோ.

அதே 46 கிலோவில் அம்மோனியாவாக ஆவியாகி வேறிடத்தில் விழுவது, தண்ணீரோடு கரைந்து போவது என்று மறைமுகப் பங்கும் உண்டு. 2019 எண்களின்படி ஆவியாவது 15 சதவீதம், கரைந்து போவது 24 சதவீதம். அவை கடைசியில் விடும் நைட்ரஸ் ஆக்சைடு இன்னொரு 94 கிலோவுக்குச் சமம். எப்போதும் நீர் நிற்கும் வயலில் நேராக வருவதைவிட இது அதிகம் என்பதை முதலில் என்னால் நம்ப முடியவில்லை. யூரியா மண்ணில் கரையும்போது கிலோவுக்கு 0.73 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். இரண்டு மூட்டைக்கு 73 கிலோ.

டீசலும் மாடும்

ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ. பம்பு, டிராக்டர், கதிரடிக்கும் எந்திரம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். உழவு மாடு ஒன்று வருடத்துக்குச் சுமார் 47 கிலோ மீத்தேன் விடும், எருமை 55 கிலோ. இவை ஆசியாவுக்கான 2006 வழிகாட்டி எண்கள். மாடு வருடம் முழுக்க வீட்டில் இருப்பது, அதை ஒரே பயிரின் தலையில் கட்டாமல் உழுத நாட்களின் விகிதத்தில் பிரியுங்கள்.

கூடைக்கு எவ்வளவு

ஏக்கர் கணக்கோடு நிறுத்தினால் விளைச்சல் மறைந்துவிடும். நெல் சாப்பிடுவதற்கு, அதனால் கூடைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு மழை நெல் ஏக்கருக்கு 60 கூடை, யூரியா ஒரு மூட்டை, டீசல் 15 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் சுமார் 1,090 கிலோ, கூடைக்கு 18. கோடை நெல் 80 கூடை, யூரியா இரண்டு மூட்டை, டீசல் 30 லிட்டர் என்றால் மொத்தம் 3,330 கிலோ, கூடைக்கு 42. அதே கோடை நெல்லைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்த்து, வைக்கோலையும் வெளியே எடுத்து, பம்பு ஓட்டம் குறைந்ததால் டீசல் 20 லிட்டரோடு நின்றால் மொத்தம் 1,420, கூடைக்கு மறுபடியும் 18.

இதனால்தான் கோடை நெல்லே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தண்ணீரும் வைக்கோலும்தான் பிரச்சினை, பருவம் இல்லை. உளுந்துக்கு மீத்தேன் கணக்கே இல்லை, யூரியாவும் அநேகமாக இல்லை. வாய்க்கால் தண்ணீர் உறுதியாக இல்லாத வருடத்தில் நான் உளுந்துப் பக்கம்தான்.

வைக்கோலை எரித்தால்?

இங்கே வாயுக் கணக்கு நம்மைத் தவறான பக்கம் தள்ளிவிடக்கூடும். ஒரு டன் காய்ந்த வைக்கோலை எரித்தால் சுமார் 80 சதவீதம் எரியும், கிலோவுக்கு 2.7 கிராம் மீத்தேனும் 0.07 கிராம் நைட்ரஸ் ஆக்சைடும் வரும். மொத்தம் 74 கிலோவுக்குச் சமம். எரிவதில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பயிர் காற்றில் இருந்து எடுத்ததுதான் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, சேற்றில் மடக்கி உழுவதைவிட எரிப்பது குறைவாகத் தெரியும்!

தெரியும், அவ்வளவுதான். அந்தப் புகையில் இருக்கும் நுண்துகள் நம் வீட்டுக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகிறது. வைக்கோலில் இருந்த தழைச்சத்தும் புகையோடு போய், அடுத்த பருவம் யூரியா மூட்டையாகத் திரும்பி வரும். சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வாயு எண் ஒன்றை மட்டும் பார்ப்பது போதாது. நோட்டில் இன்னொரு பத்தி போட்டு, எரித்த நாள், புகை போன திசை, வயலில் இருந்து வடிந்த நீர் எங்கே போகிறது என்பதையும் எழுதுங்கள். வைக்கோலை மாட்டுக்குப் போர் போடுங்கள், காளான் படுக்கைக்குக் கொடுங்கள், மட்கவைத்துப் போடுங்கள். மட்கிய உரத்தின் எண் 0.17 என்பதை மேலே பார்த்தோம்.

பசுமைக்குடில்

மேம்யோ போன்ற குளிர்ந்த ஊர்களிலும் சான் மேட்டிலும் பிளாஸ்டிக் குடிலுக்குள் பூவும் தக்காளியும் வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. தண்ணீர் தேங்காததால் மீத்தேன் இல்லை. நெதர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் குடிலைச் சூடாக்க எரிக்கும் இயற்கை எரிவாயுதான் பெரிய சுமை. இங்கே அதுவும் இல்லை. மிஞ்சுவது உரம், பிளாஸ்டிக், மின்வெட்டில் ஓடும் ஜெனரேட்டர்.

1,000 சதுர மீட்டர் குடில் என்று வைப்போம். போர்த்த 1,500 சதுர மீட்டர் பிளாஸ்டிக். 200 மைக்ரான் தடிமனுக்குச் சதுர மீட்டர் 184 கிராம், மொத்தம் 276 கிலோ. மூன்று வருடம் வந்தால் வருடத்துக்கு 92 கிலோ. அதைச் செய்யும்போது ஆலை விட்ட வாயு கிலோவுக்குத் தோராயமாக 2 கிலோ என்று எடுத்தால் 184. சொட்டுநீரில் வருடத்துக்கு 30 கிலோ தழைச்சத்து போட்டால், 1.6 சதவீதத்தில் 206. ஜெனரேட்டர் 150 நாள், நாளைக்கு ஒரு லிட்டர் டீசல் என்றால் 402. சின்ன ஜெனரேட்டர்தான் முதலிடத்துக்கு வந்துவிட்டது, பாருங்கள். பகலில் பம்பு ஓட்ட ஒரு சூரியத் தகடு வைத்தால் பாதிக் கணக்கு கரைந்துவிடும்.

கிழிந்த பிளாஸ்டிக்கை எரிக்கவே எரிக்காதீர்கள். ஒரு கிலோ பாலித்தீன் முழுக்க எரிந்தால் 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடு, கூடவே நச்சுப் புகை. வடியும் உரத்தண்ணீரையும் அளந்து பாருங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கடையில் கிடைக்கும் நைட்ரேட் சோதனைப் பட்டை இதற்குப் போதும்.

நேராக அளக்க விரும்பினால்

மேலே சொன்னதெல்லாம் கணக்கு. வாயுவையே பிடித்து அளக்க மூடிய பெட்டி முறை இருக்கிறது. யெசின் வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆள் கிடைத்தால் சேர்ந்து செய்யலாம். அடிச்சட்டத்தை முந்தின நாளே சேற்றில் பதித்துவிட வேண்டும். காலை 8 முதல் 11 மணிக்குள், பயிரை மூடும் உயரத்தில் ஒளி புகும் பெட்டியை அதன்மேல் வைத்து, 0, 10, 20, 30 நிமிடத்தில் ஊசியால் காற்றை உறிஞ்சிக் குப்பியில் அடைக்க வேண்டும். பெட்டிக்குள் சிறு விசிறியும் வெப்பமானியும் இருக்கட்டும். குப்பிகளை வாயு நிறப்பகுப்புக் கருவியில் சோதிப்பார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் சேற்றில் கால் வைக்காதீர்கள். கால் அழுந்தினால் அடியில் தங்கியிருந்த வாயு குமிழ் குமிழாகக் கிளம்பி, அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். முதல் தடவை எங்களுக்கு அப்படி ஒரு காலை முழுக்க வீணானது. பிறகு வரப்பில் இருந்து பெட்டி வரை பலகைப் பாலம் போட்டோம்.

கணக்கு இப்படி. 1 மீட்டர் உயரப் பெட்டியில் அரை மணியில் மீத்தேன் பத்து லட்சத்தில் 2 பங்கில் இருந்து 5 பங்காக ஏறியது, உள்ளே 30 டிகிரி. மணிக்கு 6 பங்கு ஏற்றம். அதை மீத்தேனின் அடர்த்தியான 0.714-ஆலும், 273-ஐ 303-ஆல் (273-உடன் அந்த 30 டிகிரி கூட்டியது) வகுத்து வரும் விகிதத்தாலும் பெருக்கினால், சதுர மீட்டருக்கு மணிக்கு 3.86 மில்லிகிராம். 24-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு நாளைக்கு 0.93 கிலோ. வாரம் ஒரு தடவையாவது, நடவு முதல் அறுவடை வரை அளக்க வேண்டும். தண்ணீரை வடித்த நாட்களில் அடைபட்ட வாயு ஒரேயடியாகக் கிளம்பும், அன்றைக்கும் அளங்கள்.

எண்ணை எப்படிச் சொல்வது

1.22 என்ற அந்த அடிப்படை எண்ணுக்கே 0.83 முதல் 1.81 வரை இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். அதனால் கூடைக்கு 41.6 என்று தசமம் போட்டு எழுதாதீர்கள், சுமார் 40 என்று எழுதுங்கள். கடன் கொடுப்பவரோ கார்பன் கணக்கு வாங்க வருபவரோ கேட்டால், எண்ணோடு நோட்டின் பக்கத்தையும் காட்டுங்கள்: நீர் வற்றிய தேதிகள், வைக்கோல் உழுத தேதி, உர மூட்டை. ஒரே வயலில் இரண்டு வருடத்தை ஒப்பிடும்போது அந்த 1.22 இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருப்பதால், அதில் இருக்கும் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். முதலில் உங்கள் வயலை உங்கள் போன வருடத்து வயலோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வயல்காரரோடு அப்புறம்.